ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள்: அமெரிக்கன் சாக்கர் லீக்கின் 1949-50 பருவம்

1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரில் இங்கிலாந்தை அமெரிக்கா 1-0 என்று வென்ற ஆட்டம், உலகக் கோப்பை வரலாற்றின் பெரும் அதிர்ச்சிகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், அமெரிக்க அணியில் ஒரு தபால்காரர் இருந்தார், பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார், பிண ஊர்தி ஓட்டியவரும் உணவகத்தில் பாத்திரம் கழுவியவரும் இருந்தார்கள் என்று அடுக்கிக்காட்டி, அது ஓர் அதிசயம் என்ற முடிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் உண்மைதான். ஆனால் அந்த ஆசிரியரும் பாத்திரம் கழுவியவரும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை ஒரே லீக்கில் எதிரெதிர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை விளங்கும். அமெரிக்கன் சாக்கர் லீக் என்ற அந்தப் பகுதிநேரத் தொழில்முறை லீக்கின் 1949-50 பருவத்தை ஆராய்ந்தால், அந்த வெற்றி எங்கிருந்து வந்தது என்பதும், அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் அமெரிக்கக் கால்பந்தில் எதுவும் மாறாமல் போனது ஏன் என்பதும் ஒரே இடத்தில் தெரியவரும்.

இந்தப் பெயரில் இரண்டு லீக்குகள் இருந்தன. முதலாவது 1921-இல் தொடங்கியது. பெத்லகேம் ஸ்டீல் என்ற எஃகு ஆலை அணியும், மாசச்சூசெட்ஸின் பருத்தி ஆலை நகரமான ஃபால் ரிவரின் மார்க்ஸ்மென் அணியும் அதன் புகழ்பெற்ற அணிகள். ஸ்காட்லாந்திலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்களை ஊதியம் கொடுத்து அழைத்துவரும் அளவுக்கு அன்று அங்கே பணம் புழங்கியது. வியன்னாவின் ஹக்கோவா அணி 1926-இல் சுற்றுப்பயணம் வந்தபோது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் ஒரே ஆட்டத்துக்கு ஏறத்தாழ 46,000 பேர் திரண்டார்கள். ஆனால் 1928-இல் தேசியக் கோப்பைப் போட்டியை எப்போது நடத்துவது என்பதில் லீக்குக்கும் தேசியச் சங்கத்துக்கும் தகராறு மூண்டது. சங்கம் லீக்கை விலக்கிவைத்தது; லீக்கின் தடையை மீறிக் கோப்பையில் ஆடிய அணிகள் ஒரு போட்டி லீக்கில் சேர்ந்தன; ஒரே ஊரின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1929-இல் சமரசம் ஏற்பட்ட அதே அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டதும் ஆலை முதலாளிகளின் பணத்தில் வாழ்ந்த அணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பெத்லகேம் 1930-இலேயே போயிற்று. லீக் 1933-இல் முடிந்தது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அதே பெயரில் தொடங்கப்பட்ட இரண்டாவது லீக், பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேறானது. பெரிய முதலாளிகள் அதில் இல்லை. நியூயார்க், நியூ ஜெர்சி, பிலடெல்பியா, பால்டிமோர் என்று கிழக்குக் கடற்கரையின் ஒரு குறுகிய பட்டைக்குள் அது அடங்கியது; ரயிலிலோ பேருந்திலோ காலையில் புறப்பட்டு ஆடிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம் அது. திங்கட்கிழமை காலையில் ஆட்டக்காரர் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் லீக்கின் எல்லையைத் தீர்மானித்ததே அந்தத் தூரம்தான் எனலாம். பிலடெல்பியாவில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு இருந்த சட்டத் தடை 1933 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில்தான் நீங்கியது. லீக் பிறந்த சில மாதங்களிலேயே இது நடந்ததை நான் சாதாரணத் தற்செயலாகக் கருதவில்லை. வாரத்தில் ஆறு நாள் உழைப்பவர்களின் லீக்குக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காவிட்டால் வேறு நாளே கிடையாது.

அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே யார் ஆடினார்கள், யார் பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். நியூ ஜெர்சியின் கியர்னியில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஓர் அணி, அயர்லாந்துக்காரர்களுக்கு ஓர் அணி. கிளார்க் நூல் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. அந்த ஆலையின் அணிதான் 1885-இல் முதல் அமெரிக்கக் கோப்பையை வென்றது. புதிய லீக்கின் முதல் பட்டத்தைக் கியர்னியின் ஐரிஷ் அணி வென்றது; 1937 முதல் 1941 வரை தொடர்ந்து ஐந்து முறை கியர்னியின் ஸ்காட்ஸ் அணி வென்றது. புரூக்ளின் ஹிஸ்பானோ ஸ்பானிய மொழி பேசுவோரின் அணி. 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியக் கோப்பை அதன் வசமானது. பிலடெல்பியாவின் ஜெர்மன் அமெரிக்கர்கள் அணி உலகப் போர்க் காலத்தில் தன் பெயரிலிருந்த 'ஜெர்மன்' என்ற சொல்லை நீக்கிவிட்டு வெறும் பிலடெல்பியா அமெரிக்கன்ஸ் ஆனது. ஹங்கேரியில் பிறந்து ஹக்கோவா ஆட்டக்காரர்களின் அலையோடு வந்து தங்கிவிட்ட எர்னோ ஷ்வார்ஸ், நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணியை உருவாக்கி நடத்தினார்.

இவ்வணிகளுக்கு மன்றங்களே அடித்தளம். ஓர் ஊர்க்காரர்கள் கூடிப் பேசுவதற்கும் உண்பதற்கும் வேலை தேடித் தருவதற்கும் அமைத்துக்கொண்ட கூடத்தின் நீட்சியாகவே அணி இருந்தது. இதனால் கிடைத்த பலம் பெரிது. பொருளாதார மந்தத்தையும் உலகப் போரையும் தாங்கி லீக் ஐம்பது ஆண்டுகள் நின்றது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. அணி தன் இனத்தாருக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ, மற்ற அமெரிக்கர்களுக்கு அவ்வளவு தொலைவாக இருந்தது. 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவிலிருந்து புதியவர்கள் வருவதைக் கடுமையாகக் குறைத்துவிட்டதால், பழைய ரசிகர்களுக்கு வயதாக வயதாக அந்த இடத்தை நிரப்ப ஆளில்லாமல் போயிற்று. அவர்களுடைய பிள்ளைகளோ பேஸ்பாலின் பக்கம் போனார்கள்.

1949-50 பருவத்தின் பட்டத்தைப் பிலடெல்பியா நேஷனல்ஸ் வென்றது. முந்தைய பருவத்திலும் அடுத்த பருவத்திலும் அதே அணிதான் வென்றது. 1953-இல் மீண்டும் ஒருமுறை. ஐந்து பருவங்களில் நான்கு பட்டங்கள். இந்த அணியைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் லீக்கின் பொது இயல்பிலிருந்து அது ஒரு முக்கியமான வகையில் விலகியிருந்தது. அதன் மையமாக இருந்த வால்டர் பாரும் பென்னி மெக்லாஃப்லினும் பிலடெல்பியாவிலேயே வளர்ந்தவர்கள். கென்சிங்டன் என்ற தொழிலாளர் பகுதியில் லைட்ஹவுஸ் பாய்ஸ் கிளப் என்ற சிறுவர் மன்றம் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தெருவில் திரியாமல் இருப்பதற்காக அமைக்கப்பட்ட அந்த மன்றத்தில் வயதுவாரியாகக் கால்பந்து அணிகள் இருந்தன. 1927-இல் பிறந்த பார் அங்கே பந்தை உதைக்கக் கற்று, டெம்பிள் பல்கலைக்கழகத்தில் படித்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிவிட்டு, வார நாட்களில் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் வார இறுதியில் நேஷனல்ஸ் அணியின் இடது ஹாஃப்பாகவும், அதாவது நடுத்திடலின் இடப்பக்க ஆட்டக்காரராகவும், இருந்தார். அணியின் பயிற்சியாளரான ஜிம்மி மில்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். அவரும் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் பயிற்சியாளராக வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்து வேல்ஸின் ரெக்ஸம் அணியில் ஆடிவிட்டு 1949-இல் அமெரிக்கா வந்த எட் மெக்கில்வெனி அந்தப் பருவத்தில் பாருக்கு இணையாக நடுத்திடலில் ஆடினார். உள்ளூர்ச் சிறுவர் மன்றம் வளர்த்த பிள்ளைகளும் பிரிட்டனில் பழகிவந்த ஆட்டக்காரரும் ஸ்காட்லாந்துப் பயிற்சியும் சேர்ந்ததுதான் நேஷனல்ஸின் வெற்றிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. புதிய குடியேறிகளை மட்டும் நம்பியிருந்த அணிகளுக்கு இந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை.

பட்டம் பிலடெல்பியாவுக்குப் போனாலும், பருவத்தின் அதிக கோல்களை அடித்தவர் நியூயார்க்கில் இருந்தார். புரூக்ளின், மன்ஹாட்டன் என்ற இரண்டு பகுதிகளின் பெயர்களையும் ஒட்டிப் பெயர் சூட்டிக்கொண்ட புரூக்ஹட்டன் அணியின் ஜோ கேட்ஜென்ஸ்தான் அவர். ஹெய்ட்டியின் போர்ட்-ஓ-பிரின்சில் 1924-இல் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க 1947-இல் வந்தவர். செலவுக்காக ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அந்த உணவகத்தின் உரிமையாளர்தான் புரூக்ஹட்டன் அணியின் உரிமையாளரும். இந்த ஏற்பாடு லீக்கின் பொருளாதாரத்தை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அணி கொடுத்த சிறு தொகை பிழைப்புக்குப் போதாது. பிழைப்புக்கான வேலையை அணியைச் சேர்ந்தவரே தருவார். ஆட்டக்காரர் அணியை விட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒப்பந்தத்தைவிட அந்த வேலையே வலுவான கட்டு. 1949-50 பருவத்தில் கேட்ஜென்ஸ் 15 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்தார். அவர் புரூக்ஹட்டனுக்கு ஆடிய மூன்று பருவங்களின் மொத்தக் கணக்கு 64 ஆட்டங்களில் 42 கோல்கள்.

அந்த 15 என்ற எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஒரு பருவத்தில் ஆடிய லீக் ஆட்டங்கள் அவ்வளவுதான். அதே காலத்தில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 22 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 42 ஆட்டங்கள். அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் தொடங்கும் பருவம் பனிக்காலத்தில் உறைந்த திடல்களால் தடைப்படும். தள்ளிவைத்த ஆட்டங்களும் கோப்பை ஆட்டங்களும் வசந்த காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இதற்கிடையே கோடையில் ஐரோப்பிய அணிகள் சுற்றுப்பயணம் வந்துவிடும். 1948-இல் லிவர்பூலும் ஸ்வீடனின் யூர்கோர்டனும் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் மோதின; 1949-இல் ஸ்காட்லாந்து தேசிய அணி வந்தது; 1950-இல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. லீக் ஆட்டத்துக்கு வராத கூட்டம் இவற்றுக்கு வந்தது. வருமானத்தின் பெரும்பகுதி விருந்தினர்களிடமிருந்து வரும்போது, வீட்டு லீக்கை வளர்க்க வேண்டும் என்ற உந்துதல் நடத்துகிறவர்களுக்கு எங்கிருந்து வரும்?

லீக்குக்கு வெளியேயும் நல்ல கால்பந்து இருந்தது என்பதை மறைத்தால் படம் கோணலாகிவிடும். மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகள் தங்களுக்கென்று ஒரு கால்பந்து மரபை வளர்த்திருந்தன; 1950-இன் தேசியக் கோப்பையை வென்றது அந்நகரின் சிம்ப்கின்ஸ் ஃபோர்டு அணி. இறுதியில் அது தோற்கடித்த போன்டா டெல்கடா, ஃபால் ரிவரில் குடியேறிய போர்த்துகீசியர்களின் அணி. 1947-இல் தேசியக் கோப்பையையும் அமெச்சூர் கோப்பையையும் சேர்த்து வென்று, அந்த ஆண்டு முழு அணியாகவே அமெரிக்காவைப் பிரதிநிதித்துவப்படுத்திய அணி. இந்த மூன்று உலகங்களும் கோப்பைப் போட்டிகளில் எப்போதாவது சந்தித்தன. ஒரே லீக்கில் ஆண்டு முழுவதும் மோதிக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. கிழக்குக் கடற்கரையிலிருந்து செயின்ட் லூயிஸ் ஆயிரம் மைல் அளவு தொலைவு. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்களால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று 1949 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் நடந்தது. அமெரிக்கா மெக்சிகோவிடம் 6-0, 6-2 என்று இருமுறை நொறுங்கியது. கியூபாவோடு ஒருமுறை சமன் செய்து, மறுமுறை 5-2 என்று வென்றது. மூன்று நாடுகளில் இரண்டுக்கு இடம் என்பதால் மட்டுமே பிரேசில் பயணம் உறுதியானது. அந்த அணியில் கேட்ஜென்ஸும் இல்லை, மெக்கில்வெனியும் இல்லை. இருவரையும் தேர்வாளர்களின் கண்ணில் பட வைத்தது அதன் பின் நடந்த லீக் பருவம்தான். புரூக்ளின் ஹிஸ்பானோவில் ஆடிய பெல்ஜியக்காரர் ஜோ மாகாவும் அந்த வழியாகவே வந்தார். கேட்ஜென்ஸ், மாகா, மெக்கில்வெனி மூவருமே அன்று அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். குடியுரிமை பெறும் எண்ணத்தை அறிவித்திருந்தால் போதும் என்ற அன்றைய சங்க விதியின்படி ஆடினார்கள். இது பற்றிப் பின்னர் எழுந்த புகாரை ஃபிஃபா விசாரித்து, தவறில்லை என்று தீர்த்தது.

பிரேசிலுக்குப் போக முடியாமல்போன ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். நேஷனல்ஸின் மெக்லாஃப்லின் அணிக்குத் தேர்வாகியிருந்தும் வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்காததால் போகவில்லை. லண்டன் ஒலிம்பிக்கிலும் மெக்சிகோவிலும் ஆடிய அனுபவசாலி அவர். பகுதிநேரத் தொழில்முறை என்ற ஏற்பாடு ஓர் ஆட்டக்காரரிடம் கேட்ட விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

பயிற்சியாளராகப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜெஃப்ரி போட்டிக்குச் சற்று முன்னர்தான் நியமிக்கப்பட்டார். புறப்படுவதற்கு முன் நியூயார்க்கில் இங்கிலாந்துச் சங்கத்தின் சுற்றுப்பயண அணியோடு ஆடிய ஆட்டத்தில் 1-0 என்று மட்டுமே தோற்றார்கள். அந்தச் சிறிய வித்தியாசத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தை எதிர்த்து இறங்கிய பதினொருவரில் ஐவர் செயின்ட் லூயிஸ்காரர்கள், இருவர் போன்டா டெல்கடா அணியில் ஆடிய, சூசா என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள், நால்வர் அமெரிக்கன் சாக்கர் லீக்கின் பார், மெக்கில்வெனி, கேட்ஜென்ஸ், மாகா. எண்ணிக்கையில் லீக் சிறுபான்மை; ஆனால் இரு பக்க ஹாஃப்களும் நடு முன்னணியும் அதன் வசம் இருந்தன. அவர்களில் பாரும் மெக்கில்வெனியும் ஒரு பருவம் முழுவதும் சேர்ந்தே ஆடியவர்கள். பந்து எதிரணியின் காலில் இருக்கும்போது ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்தங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் பிரேசிலில் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 38-ஆவது நிமிடத்தில் பார் தொலைவிலிருந்து இலக்கை நோக்கி அடித்த பந்தை, கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையால் திருப்பிவிட்டார். கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் எதிர்பார்த்த திசை மாறியது. தன் லீக்கில் கேட்ஜென்ஸை எதிரணியில் வைத்துத் தடுத்தாட வேண்டியிருந்த பாருக்கு, அந்த மனிதர் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் எங்கே பாய்வார் என்பது தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மிச்ச நேரத்தைத் தாங்கியதில் கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கியின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பியதிலிருந்த நற்பேற்றையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் படித்தால் இந்த அணியின் உண்மையான அளவு புலப்படுகிறது. ஜூன் 25 அன்று ஸ்பெயினுக்கு எதிராக ஜீனோ பாரியானியின் கோலால் முன்னிலை பெற்று, 80 நிமிடங்கள் வரை அதைக் காத்து, கடைசிப் பத்து நிமிடங்களில் மூன்று கோல்களை விட்டுக்கொடுத்துத் தோற்றார்கள். ஜூலை 2 அன்று சிலியிடம் 5-2 என்று தோற்றார்கள். குரிடிபா, பெலோ ஒரிசோன்டே, ரெசிஃபி என்று நாட்டின் தெற்கிலிருந்து வடகிழக்குவரை எட்டு நாட்களில் மூன்று ஆட்டங்கள். ஆட்டத் திறனில் இந்த வீரர்கள் ஐரோப்பியர்களுக்கு மிகவும் பின்தங்கியவர்கள் அல்லர். ஆண்டுக்கு இருபதுக்கும் குறைவான லீக் ஆட்டங்கள் ஆடி, பயிற்சியை வேலை நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டவர்களின் உடல் தாங்குதிறன்தான் குறைவு. ஒரு பிற்பகலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு தொடருக்குப் போதவில்லை.

அமெரிக்காவிலிருந்து பிரேசில் சென்றிருந்த ஒரே பத்திரிகையாளர் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பேட்ச் நாளேட்டின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் விடுமுறை எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் போனவர். தாய்நாட்டுச் செய்தித்தாள்களில் வெற்றி ஓரத்தில் வந்து மறைந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் லீக் வழக்கம்போலத் தொடங்கியது. வெற்றியைக் காட்டிப் புதிய முதலீட்டைத் திரட்டவோ, செயின்ட் லூயிஸை இணைத்துத் தேசிய லீக் அமைக்கவோ முடியவில்லை. பிரேசிலில் பளிச்சிட்டவர்களைப் பிடித்துவைக்கவும் லீக்கால் இயலவில்லை. மெக்கில்வெனி மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனார். அங்கே இரண்டே ஆட்டங்கள்தான் ஆடினார் என்பது வேறு. கேட்ஜென்ஸ் பிரான்சுக்குப் போய் ரேசிங் கிளப் டி பாரியில் ஆடினார். இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களுக்கே அன்று வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த அடக்கமான ஊதியத்தோடுகூட அமெரிக்க லீக்கால் போட்டியிட முடியவில்லை.

கேட்ஜென்ஸ் பின்னர் ஹெய்ட்டி திரும்பினார். ஃபிரான்சுவா டுவாலியேயின் ஆட்சியில், 1964 ஜூலை 8 அன்று, டோன்டோன் மகூட் படையினர் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அரசியலில் ஈடுபட்டவர்கள் அவருடைய குடும்பத்தினரே தவிர அவர் அல்லர். அவர் உயிரோடு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 1949-50 பருவத்தின் கோல் பட்டியலில் முதலில் நிற்கும் பெயருக்கு இப்படியொரு முடிவு நேர்ந்தது என்பதை அறியாமல் அந்தப் பட்டியலைப் படிக்க என்னால் முடிவதில்லை.

நேஷனல்ஸ் அணி 1953-இன் பட்டத்தோடு ஓய்ந்தது. அதே நகரத்தின் அமெரிக்கன்ஸ் அணியை ஒரு லாரி நிறுவனம் ஏற்றுக்கொள்ள, அது யூரிக் ட்ரக்கர்ஸ் என்ற பெயரில் 1955, 1956 பட்டங்களை வென்றது; பார் அந்த அணியிலும் ஆடினார். லீக்குக்கு அடுத்த உயிர் வந்தது பிரேசில் வெற்றியிலிருந்து அல்ல, போருக்குப் பின் அகதிகளை அனுமதித்த 1948-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அவ்வாறு வந்தவர்கள் பிலடெல்பியாவில் அமைத்த உக்ரைனியன் நேஷனல்ஸ் 1957-இல் லீக்கில் சேர்ந்து, 1960-களின் தலைசிறந்த அணியானது. புதிய குடியேற்ற அலை வந்தபோது உயர்ந்து, அது வடிந்தபோது தாழ்ந்து, 1983 வரை லீக் தொடர்ந்தது. அமெரிக்க அணி மீண்டும் ஓர் உலகக் கோப்பையில் கால் வைத்தது 1990-இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பார் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 1974 முதல் 1988 வரை பணியாற்றினார். அவருடைய மகன்கள் கிறிஸ், மாட் இருவரும் தந்தையின் காலைப் பெற்றவர்கள்; கிறிஸ் 1975-இல் ஒரு பருவம் பிலடெல்பியா ஆட்டம்ஸ் அணிக்காகக் கால்பந்தும் ஆடினார். பிறகு இருவரும் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை உதைக்கும் கிக்கர்களாகச் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார்கள்.